கமக்காரரின் வினாவும் ஆராய்ச்சி நிலையத்தின் ஏடும்

புதிய நெல்லினமொன்று வெளியிடப்படும்போது, அது ஏக்கருக்கு எத்தனை புசல் தரும், எத்தனை மாதத்தில் அறுவடைக்கு வரும் என்பனவற்றையே கமக்காரர் முதலில் வினவுவர். அவ்வாறு வினவுதல் முறையேயாம். ஆனால், ஒரு கலப்புச் செய்த நாள் தொட்டு அதிலிருந்து பெற்ற இனம் கமக்காரரின் கைக்கு வரும் வரை பொதுவாக எட்டுப் பத்து ஆண்டுகள் கழிகின்றன. அத்தனை ஆண்டுகளிலும் எவ்வேலையை எவர், எவ்விடத்தில், எப்பருவத்தில், எந்தப் பணத்தைக் கொண்டு செய்தல் வேண்டுமென ஒழுங்குபடுத்தும் கருமமொன்று ஆராய்ச்சி நிலையங்களில் நடைபெற்றுக்கொண்டேயிருக்கின்றது. அக்கருமம் வயலிலே கண்ணுக்குத் தோன்றுவதில்லை. அது பிழைக்குமிடத்து நட்டம் மட்டும் வயலிலேயே தோன்றுகின்றது. ஒரு போகம் தவறிய பரிசோதனையை மறுபடியும் தொடங்க ஓராண்டு காத்திருத்தல் வேண்டும். அவ்வோராண்டும் கமக்காரரின் ஆண்டேயாகும்.

இலங்கையில் விவசாயத் திணைக்களம் 1912 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. தேயிலைக்கு 1925 இலும், தெங்குக்கு 1929 இலும் தனி ஆராய்ச்சித் தாபனங்கள் எழுந்தன. இன்று திணைக்களத்தின் நெல்லாராய்ச்சி பத்தலகொடையிலும், மறுவயற் பயிர்களின் ஆராய்ச்சி மகா இலுப்பள்ளமையிலும், மரக்கறிப் பயிர்களின் ஆராய்ச்சி கன்னொறுவையிலும் தலைமை கொண்டு நடைபெறுகின்றன. இவற்றுக்குக் கிளை நிலையங்கள் பல உண்டு. இத்தாபனங்கள் யாவும் வெவ்வேறு அமைச்சுகளின் கீழும் சபைகளின் கீழும் தனித்தனியே இயங்கி வந்தமையால், அவற்றுக்குப் பொதுவான கொள்கையை வகுக்கும் பொருட்டு 1987 ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் விவசாய ஆராய்ச்சிக் கொள்கைச் சபை அமைக்கப்பட்டது. ஒரு நாட்டிலுள்ள இத்தாபனங்கள் எல்லாவற்றையும் சேர்த்தே தேசிய விவசாய ஆராய்ச்சி அமைப்பு என்று கூறுவர்.

இவ்வகை அமைப்புகளை நிருவகிக்கும் முறைகளை ஆராய்ந்து வளர்முக நாடுகளுக்கு உதவுவதற்கென்றே 1979 ஆம் ஆண்டில் சர்வதேச நிலையமொன்று தோற்றுவிக்கப்பட்டது. இஸ்னார் எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்நிலையம் ஒல்லாந்து நாட்டின் ஹேக் நகரில் இருந்து பணியாற்றி, 2004 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. நிலையம் மறைந்தபோதிலும் அது வற்புறுத்திய கருவிகள் மறையவில்லை. கருவிகள் என்றதும் இயந்திரங்களை நினைத்தல் வேண்டாம். வினாக்களை வரிசைப்படுத்தும் அட்டவணை, பரிசோதனைப் பதிவேடு, பருவ நாட்காட்டி, நிலப்படம், போகத்துக்கு முன் கூடும் கூட்டம் ஆகிய இவையே அக்கருவிகள். இவற்றுட் பெரும்பாலானவை கடுதாசியும் பென்சிலும் உள்ள எவராலும் கையாளத்தக்கவை.

எந்த வினாவை முதலில் எடுப்பது?

ஆராய்ச்சி உத்தியோகத்தரின் தொகை சிறிது. கமக்காரரின் இடர்களோ பல. எல்லா இடர்களையும் ஒருங்கே எடுத்துக்கொள்ளும் நிலையம் ஒன்றையேனும் முடிப்பதில்லை. ஆதலின் எதனைச் செய்வது என்பதிலும் எதனை இப்பொழுது செய்யாது விடுவது என்பதைத் தீர்மானித்தலே கடினமானது. இத்தீர்மானம் பெரும்பாலும் உரத்துக் கூறுவோரின் பக்கமே சாயும். அதனைத் தடுக்கவே அட்டவணை வேண்டப்படுகின்றது.

விளக்கத்தின் பொருட்டு ஒரு கணக்கைக் கற்பனை செய்து கொள்வோம். ஒரு மாவட்டத்தில் முதலாவது இடர் 20,000 ஏக்கரைப் பாதிக்கின்றது; ஏக்கருக்கு இரண்டு புசல் நட்டம். ஆராய்ச்சியால் தீர்வு கிடைக்கும் வாய்ப்புச் சரிபாதி. இரண்டாவது இடர் 3,000 ஏக்கரையே பாதிக்கின்றது. ஆனால் ஏக்கருக்குப் பதினைந்து புசல் நட்டம். தீர்வு கிடைக்கும் வாய்ப்பு மூன்றிலிரண்டு. முதலாவதிற் காக்கத்தக்க விளைவு போகமொன்றுக்கு 20,000 புசல். இரண்டாவதில் 30,000 புசல். முதலாவது இடரைப் பற்றிப் பேசுவோரே மாவட்டமெங்கும் மிகுதியாக இருப்பர். எனினும் கணக்கு இரண்டாவதையே முன்னிறுத்துகின்றது. மூன்றாவது இடர் ஒன்று 500 ஏக்கரில் உளதென்றும், அதற்குரிய தீர்வு வேறு மாவட்டத்தில் ஏற்கெனவே கண்டறியப்பட்டதென்றும் வைத்துக்கொள்வோம். அதற்கு ஆராய்ச்சியே வேண்டுவதில்லை. செய்துகாட்டல் வயலொன்று போதும். தீர்ந்த வினாவை மீண்டும் ஆராய்வதைப் போன்ற விரயம் வேறில்லை.

இக்கணக்கு ஒரு குறையும் உடையது. புசலையும் பணத்தையும் மட்டும் எண்ணினால், மானாவாரி நிலத்தில் குரக்கன், பயறு, எள்ளு விதைத்துச் சீவிக்கும் குடும்பங்களின் இடர் என்றும் அட்டவணையின் அடியிலேயே கிடக்கும். அவர்களின் விளைவு சந்தைக்கு வருவது குறைவு; உணவுக்கு அதுவே ஆதாரம். ஆகையால் எண்களைக் கொண்டு பேச்சைத் தொடங்கலாமேயன்றி, எண்களோடு பேச்சை முடித்தல் தகாது. எந்த இடரை எக்காரணத்தால் மேலே உயர்த்தினர் என்பதையும் அட்டவணையின் ஓரத்தில் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டில் கூடுவோர் அக்காரணம் இன்னும் பொருந்துமாவெனப் பார்த்துக்கொள்வர்.

பயிரொன்றுக்குச் செலவிடப்படும் ஆராய்ச்சிப் பணத்தின் பங்கையும், நாட்டின் மொத்த விளைவிற் பெறுமதியில் அப்பயிரின் பங்கையும் அருகருகே எழுதிப் பார்ப்பது மற்றொரு எளிய முறை. இரண்டும் சமமாக இருத்தல் வேண்டுமென்பது விதியன்று. பெரிய இடைவெளி காணப்படுமாயின், அதற்குக் காரணம் கூறத் தெரிதல் வேண்டும். காரணம் கூறவியலாவிடின், அவ்வேலை பழக்கத்தால் நடைபெறுகின்றதென்றே கொள்ளலாம்.

இடமும் வயதும்

ஓரிடத்துப் பெறுபேறு மற்றோரிடத்துக்கு ஒவ்வாது. இதனைக் கமக்காரர் அறிவர். நிலையங்கள் சில வேளை மறப்பதுண்டு. ஈரவலயத்தின் தாழ்ந்த வயல்களில் இரும்பு நஞ்சாதல் பெரிய இடர். பொம்புவல நிலையத்தின் கவனம் அதிலே செல்வது இயல்பே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் மேற்படிந்த செம்மண்ணிலோ அவ்விடரைக் காண்பதில்லை. கரையோர வயல்களில் உவரே இடர். உவர் நிலத்துக்கென அம்பலாந்தோட்டை நிலையத்திலிருந்து வந்த ஏ.டி. 354 என்னும் இனத்தை நல்ல நிலத்துக்குரிய இனங்களோடு நல்ல நிலத்தில் வைத்து ஒப்பிட்டால், அதன் பயனை எவரும் காணமாட்டார்.

இதற்கென்றே இலங்கை விவசாயச் சூழலியல் வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. மழைவீழ்ச்சி, உயரம், மண், தரையமைப்பு ஆகியவற்றைக் கொண்டு 1979 ஆம் ஆண்டின் படத்தில் 24 வலயங்கள் குறிக்கப்பட்டன. 2003 ஆம் ஆண்டில் திருத்திய படத்தில் அவை 46 ஆயின. பரிசோதனை நடைபெறும் இடங்களை இப்படத்தில் குண்டூசியாற் குத்திப் பார்த்தாற் போதும். குண்டூசிகள் ஒருபுறம் நெருங்கியும் மறுபுறம் வெறுமையாகவும் இருப்பின், வெறுமையான வலயத்துக் கமக்காரருக்குக் கூறப்படும் சிபார்சு ஊகமேயாகும். போர் நிகழ்ந்த ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் இக்குண்டூசிகள் குறைந்திருந்தன. பரந்தன், முருங்கன், சம்மாந்துறை முதலிய இடங்களிலுள்ள நெல்லாராய்ச்சி நிலையங்களில் ஒவ்வோரினமும் மீண்டும் மீண்டும் விதைத்துப் பார்க்கப்பட வேண்டியதன் காரணம் இதுவே.

நிருவாகக் கருவிகளுள் மிகச் சிறியதும் மிகப் பயனுள்ளதும் ஒன்று கமக்காரரின் நாவிலேயே உலவுகின்றது. அது நெல்லினத்தின் பெயர். முன்னாளில் பி.ஜி. 11-11, பி.ஜி. 90-2, பி.ஜி. 94-1 எனப் பெயரிட்டபோது, கலப்பின் இலக்கமும் தெரிவின் இலக்கமுமே பெயராயின. அவ்விலக்கங்கள் ஆராய்ச்சியாளருக்குப் பொருள் தந்தன; கமக்காரருக்கு ஒன்றும் தரவில்லை. பின்னர் முறை மாற்றப்பட்டது. பி.ஜி. என்பது பத்தலகொடையையும், ஏ.டி. என்பது அம்பலாந்தோட்டையையும், பி.டபிள்யூ. என்பது பொம்புவலவையும், எல்.டி. என்பது லபுதுவையையும் குறிக்க, அதனையடுத்த எண் வயதைக் குறித்தது. 300 இல் தொடங்குவது மூன்று மாதம். 350 இல் தொடங்குவது மூன்றரை மாதம். 400 எனின் நான்கு மாதம். 450 எனின் நாலரை மாதம். பி.ஜி. 352 என்றதும், எந்நிலையத்து இனம், எத்தனை மாதத்து நெல் என்பன விளங்கிவிடும்.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. குளத்து நீரின் அளவைப் பார்த்தே போகத்துக்கு முந்திய கூட்டத்தில் எவ்வயதினத்தை விதைப்பதெனக் கமக்காரர் தீர்மானிக்கின்றனர். குளத்தில் மூன்று மாதத்துக்கே நீர் உளதாயின், நாலரை மாத நெல் எவ்வளவு விளைந்தாலென்ன? ஆராய்ச்சி நிலையங்களும் இதே பிரிவின்படி, மூன்று மாத இனங்களை மூன்று மாத இனங்களோடும், மூன்றரை மாத இனங்களை மூன்றரை மாத இனங்களோடும் ஒப்பிடுகின்றன. நிலையத்து ஏடும் குளத்துக் கூட்டமும் ஒரே மொழியிற் பேசத் தொடங்கின எனலாம்.

பரிசோதனைப் பதிவேடு

பரிசோதனை ஒன்றுக்கு ஓர் ஏட்டுத் தாள் வேண்டும். அதில் வினா யாது, எவர் கேட்டது, எவர் பொறுப்பாளர், எவ்விடம், எத்தனை இனங்கள் அல்லது பரிகரிப்புகள், எத்தனை மீள்செய்கைகள், விதைத்த நாள், அறுத்த நாள், செலவு, பெறுபேறு, அடுத்துச் செய்வது யாது என்பன அடங்குதல் வேண்டும். வினாவை ஒரே வாக்கியத்தில் எழுதவியலாதெனின், அப்பரிசோதனையைத் தொடங்காதிருத்தல் நன்று.

அளவுகள் இன்னொரு தொல்லை. பழைய ஏடுகளில் விளைவு ஏக்கருக்குப் புசலாகவும், பிந்திய ஏடுகளில் எக்டேயருக்குக் கிலோகிராமாகவும் எழுதப்பட்டுள்ளது. நெல்லில் ஒரு புசல் 46 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 20.9 கிலோகிராம். ஏக்கருக்கு நூறு புசல் என்பது எக்டேயருக்கு 5,150 கிலோகிராம் வரையாகும். இதனிலும் மேலான பிழை ஈரலிப்பிலிருந்து வருகின்றது. நூற்றுக்கு 20 ஈரலிப்புள்ள 2,000 கிலோகிராம் நெல், நூற்றுக்கு 14 ஈரலிப்புக்குக் காய்ந்தபின் 1,860 கிலோகிராம் அளவே இருக்கும். ஈரலிப்பைக் குறியாத தாளிலே ஓரினம் மற்றோரினத்தை 140 கிலோகிராமால் வென்றதெனக் கண்டால், வென்றது நெல்லோ நீரோ என்பதை எவராலும் கூறவியலாது.

பயன்தராத பரிசோதனைகளையும் ஏட்டில் வைத்திருத்தல் வேண்டும். நல்ல பெறுபேறு அறிக்கையிலே அச்சாகும்; பயன்தராதது கோவையிலே உறங்கும். சில ஆண்டுகளின் பின் புதிதாக வந்த உத்தியோகத்தர் அதே வினாவை அதே வழியிற் செய்து, அதே இடத்தில் இடறுவார். அரச சேவையில் ஆண்டு இடமாற்றங்கள் வழக்கமாகச் சனவரியிற் நிகழ்வன. காலபோகப் பயிரோ அப்பொழுது குடலைப் பருவத்தில் அல்லது கதிர்ப் பருவத்தில் நிற்கும். பாத்திகளின் வரைபடமும் பதிவுத் தாளும் கைமாறாது உத்தியோகத்தர் மட்டும் மாறினாராயின், நிற்பது பரிசோதனையன்று, வெறும் பயிரே.

பதிவின் பெறுமதிக்கு உலகறிந்த சான்று இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் நிலையத்தில் உளது. அங்கே 1843 ஆம் ஆண்டு தொட்டுக் கோதுமை வயலொன்றில் பசளைப் பரிசோதனை இடையறாது நடைபெற்று வருகின்றது. 1919 ஆம் ஆண்டில் அங்கு பணிக்கு வந்த பிசர் என்னும் கணித அறிஞர், பல பதிற்றாண்டுகளாகக் குவிந்து கிடந்த பதிவுகளை ஆராயத் தொடங்கினார். பாத்திகளை எழுமாற்றாக ஒதுக்கலும் மீள்செய்கைகளை அமைத்தலும் இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுவதற்கு அவர் அங்கு செய்த வேலையே அடிப்படை. அவர் வருவாரென அறிந்து எவரும் அப்பதிவுகளை எழுதவில்லை. ஒவ்வோராண்டும் எழுத வேண்டுமென்பதற்காகவே எழுதினர்.

நம் நாட்டிலும் பதிவேட்டின் தேவை கடுமையாக உணரப்பட்ட காலமொன்று உண்டு. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அத்தடை தளர்த்தப்பட்டது. அதனையடுத்த காலபோகத்தில் நெல் விளைவு பெரிதும் வீழ்ந்தது. அவ்வேளை எழுந்த வினா மிக எளிது: சேதனப் பசளை மட்டும் இட்டால் இவ்வயலில் எத்துணை விளையும்? எக்டேயருக்கு ஐந்து தொன் தரும் நெற்பயிர் ஏறக்குறைய 80 முதல் 100 கிலோகிராம் வரை நைதரசனை எடுக்கின்றது. உலர்ந்த கூட்டெரு ஒரு தொன்னில் 10 முதல் 15 கிலோகிராம் அளவே நைதரசன் உளது. அதிலும் ஒரு பகுதியே முதற் போகத்தில் வெளிப்படும். மண்ணின் இருப்பு ஓரளவு கைகொடுக்கும். அவ்வளவு எருவை அத்தனை வயல்களுக்கும் எங்கிருந்து கொணர்வது, எவ்வலயத்து மண் எத்தனை போகம் தாங்கும் என்பனவற்றுக்கு, பல ஆண்டுப் பசளைப் பரிசோதனைகளின் தாள்களை வலய வாரியாக எடுத்து மேசைமீது வைத்தாலன்றி விடை கூறவியலாது. தீர்மானம் எடுப்போர் கேட்கும் வினாவுக்கு ஒரு வாரத்தில் விடையளிக்கத்தக்க ஏடு இருத்தலும், அவ்வேட்டைத் தீர்மானத்துக்கு முன்னரே பார்த்தலும் கமக்காரரின் சோற்றோடு தொடர்புடைய விடயங்கள்.

பணத்தின் ஆண்டும் பயிரின் ஆண்டும்

அரசாங்கத்தின் நிதியாண்டு சனவரி 1 இல் தொடங்கி டிசெம்பர் 31 இல் முடிவடைகின்றது. காலபோகமோ ஒக்டோபரில் விதைப்புடன் தொடங்கி மார்ச்சு வரை செல்கின்றது. பசளை, விதை, உழவுக்கூலி ஆகியவற்றுக்கு ஓராண்டின் பணமும், அறுவடைக் கூலிக்கு அடுத்த ஆண்டின் பணமும் வேண்டும். டிசெம்பர் 31 இல் செலவாகாத பணம் திறைசேரிக்குத் திரும்பும்; புதிய ஆண்டின் பணம் நிலையத்துக்கு வந்து சேரச் சில கிழமைகள் செல்லலாம். முற்றிய நெல் அக்கிழமைகளைக் காத்து நில்லாது. பறவையும் எலியும் நிதிப்பிரமாணங்களை அறியா.

இதற்கு மருந்து பருவ நாட்காட்டியே. ஒவ்வொரு பரிசோதனையின் செலவையும் ஆண்டு வாரியாக எழுதாது, விதைப்பு, பராமரிப்பு, அறுவடை, ஆய்வுகூடம் எனப் பருவ வாரியாக எழுதி, அதன்மேல் நிதியாண்டின் கோட்டை வரைந்து பார்த்தல் வேண்டும். கோட்டுக்கு அப்பால் விழும் செலவை, அடுத்த ஆண்டுக்குரிய மதிப்பீடு தயாரிக்கும் வேளையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். கூலியாட் செலவே பரிசோதனையின் உயிர்நாடி. ஆராய்ச்சியாளரின் சம்பளம் தடையின்றி வந்தும், களை பிடுங்க ஆளில்லாமற் பழுதாகும் பரிசோதனைகள் எந்நாட்டிலும் உண்டு. எத்தனை உத்தியோகத்தர் உளர் என்பதை மட்டும் எண்ணாது, ஓர் உத்தியோகத்தருக்கு வேலை செய்யப் பணம் எவ்வளவு உளதெனக் கணக்கிட வேண்டுமென இஸ்னார் வற்புறுத்தியது இக்காரணம் பற்றியே. உத்தியோகத்தர், பரிசோதனை, செலவு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கோத்துப் பார்ப்பதற்கு இன்பார்ம் என்னும் கணினி முறையொன்றையும் அந்நிலையம் வகுத்தளித்தது. கணினி விரைவாகக் கூட்டும்; தாளில் எழுதாததை அது கூட்டுவதில்லை.

விடை திரும்பும் வழி

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின், விவசாய விரிவாக்கம் பெரும்பாலும் மாகாண சபைகளின் பொறுப்பாயிற்று. ஆராய்ச்சி மத்திய திணைக்களத்திடமே நின்றது. 1989 ஆம் ஆண்டளவில் கிராம மட்டத்து விரிவாக்கப் பணியாளர் பலர் கிராம அலுவலர்களாக மாற்றப்பட்டனர். வினா மேலே செல்லும் வழியும் விடை கீழே வரும் வழியும் இதனால் நீண்டன. அவ்விடைவெளியை நிரப்புவதற்கு இன்றுள்ள கருவி, ஒவ்வொரு போகத்துக்கும் முன் கூடும் மாகாணத் தொழில்நுட்பச் செயற்குழுக் கூட்டம். ஆராய்ச்சியாளரும் மாகாண விவசாய உத்தியோகத்தரும் அங்கே ஒரு மேசையில் அமர்கின்றனர். வயலிற் கண்ட இடர்கள் அங்கு கூறப்படும். நிலையத்திற் கண்ட பெறுபேறுகளும் கூறப்படும்.

அக்கூட்டத்துக்கு வரும் வினாக்களிற் பல, "நெல் மஞ்சளாகின்றது" என்னும் அளவிலேயே வருகின்றன. நைதரசன் குறைவு, கந்தகக் குறைவு, இரும்பு நஞ்சாதல், உவர், வேர்ப்புழு, வடிகாலின்மை ஆகிய எல்லாம் நெல்லை மஞ்சளாக்கும். கமக்காரர் தம் விவசாயப் போதனாசிரியரிடம் செல்லும்போது, வயலின் பெயர், நீர் வரும் குளம் அல்லது கிணறு, இனம், விதைத்த நாள், இட்ட பசளையும் அதன் நாளும், தெளித்த மருந்து, மஞ்சள் முதலிற் தோன்றியது இளவிலையிலோ முதிர்ந்த இலையிலோ, வயலின் மேட்டிலோ பள்ளத்திலோ, அயல் வயலிலும் உளதோ என்பனவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டு செல்வாராயின், அத்தாள் அவ்வாறே செயற்குழுவின் மேசைக்குச் செல்லத்தக்கது. நோயுற்ற பயிர் இரண்டையும் நற்பயிர் இரண்டையும் வேரோடும் மண்ணோடும் பிடுங்கி, ஈரச் சாக்கிற் சுற்றி எடுத்துச் செல்லுதல் வேண்டும். காலபோகத்துக்குரிய வினாக்களை ஆவணி மாதத்துக்கு முன்னரும், சிறுபோகத்துக்குரியவற்றை மாசி மாதத்துக்கு முன்னரும் போதனாசிரியரிடம் கொடுத்தல் நன்று. கொடுத்த தாளின் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, போகம் முடிந்ததும் அவ்வினாவுக்கு நேர்ந்தது யாதென வினவுதல் கமக்காரரின் உரிமையாகும்.